எலீஹியோ வீட்டுக் கோல்ஃப்

எலீஹியோவை எனக்குப் பெரும்பாலும் தூங்குகிற முகமாகத்தான் தெரியும். நான் ஓட்டல் வேலையாட்களின் பஸ்ஸை ஓட்டுகிறவன். இகுவே ஊரில் எங்கள் தெரு முனையில் ஏறுவான். எனக்குப் பின்னாலிருக்கும் இருக்கையில் உட்கார்ந்தால், கடற்கரை வரும்வரை அவன் தலை ஜன்னல் கண்ணாடியில் இடித்துக்கொண்டே வரும். திரும்பும்போதும் அதே இருக்கை, அதே தூக்கம். காலையில் அவன்மேல் காப்பி வாசம் அடிக்கும். மாலையில் வெட்டின புல்லும் பெட்ரோலும் கலந்த வாசம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டலின் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுவது அவன் வேலை. விருந்தாளிகள் பந்தடிக்க வருவதற்குள் குழிகளைச் சுற்றியுள்ள புல்லைக் கம்பளம் மாதிரி ஆக்கிவைக்க வேண்டும். அதற்கென்று, பின்னாலேயே நடந்து தள்ளுகிற இயந்திரம் ஒன்று. அதன் நடுக்கம் கை வழியாக ஏறி முதுகில் போய்க் குடியிருந்துவிடும் என்பான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு மட்டையையும் தொட்டதில்லை. வேலையாட்கள் தொடக்கூடாது. அவனும் ஆசைப்பட்டதில்லை. எங்கள் ஊரில் ஆம்பிளையாகப் பிறந்தவனுக்கு பேஸ்பாலை விட்டால் வேறு விளையாட்டுக் கிடையாது. விளக்குமாற்றுக் கட்டையால் சோடா மூடியை அடித்துத்தான் எல்லாரும் வளர்ந்தோம்.

அவன் மனைவி நெரெய்தா அதே ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் இருந்தாள். நாள் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அவளுடைய வலது தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஞானத்தகப்பன் நான். அதனால் நானும் எலீஹியோவும் ஒருவரை ஒருவர் 'கொம்பாய்' என்றுதான் கூப்பிடுவோம். மகள் கல்யாணமாகித் தலைநகருக்குப் போனபின் அந்த வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். இருவரும் ஆளுக்கொரு ஆடுநாற்காலியில் சாய்ந்து டிவி பார்ப்பார்கள். வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் மடியிலேயே ஆறிக்கிடக்கும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு நெரெய்தாவின் தங்கை யோகாஸ்தா அமெரிக்காவிலிருந்து வந்தாள். அவள் பிள்ளைகள் விளையாடிச் சலித்துப்போட்ட வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். டிவி மேல் ஒரு சின்னக் கம்பியை வைக்க வேண்டும். கையில் ரிமோட் மாதிரி ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு கையை எப்படி வீசுகிறோமோ, திரையில் இருக்கும் மனிதன் அப்படியே வீசுவான். போட்டுக் காட்டியபோது வந்தது கோல்ஃப்.

எலீஹியோ நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"காலைலேர்ந்து புல்லைத்தான் பாத்துட்டு வர்றேன். வீட்லயும் புல்லா? வேற எதுனா போடு யோகா."

"வேற இல்ல அத்தான். இந்த டிஸ்க் ஒண்ணுதான் கீறல் விழாம இருக்கு."

அன்று நானும் அங்கே இருந்தேன். எல்லாரும் ஆடிப் பார்த்தோம். எல்லாருமே பேஸ்பால் மாதிரிதான் அடித்தோம். என் பந்து கடலில் விழுந்தது. நெரெய்தாவின் பந்து மரத்தில் மோதித் திரும்பி வந்தது. எலீஹியோ மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "இதுல புல்லு வளரவே வளராதா?"

"வளராது அத்தான்."

"வெட்டுறவன் யாரும் இல்லையா?"

"ஒருத்தனும் இல்ல."

"குடு இங்க," என்று எழுந்தான்.

அப்படித்தான் பிடித்துக்கொண்டது. தினமும் வேலை முடிந்து வந்து குளித்ததும், ரிமோட்டின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுவான். நாற்காலிகள் சுவரோரம் போயின. முதல் வாரமே ஓங்கின கை மின்விசிறியில் பட்டு, அதன் ஓர் இறக்கை ஒடிந்தது. அதற்குப் பிறகு அது ஒற்றைக் காலில் நடப்பவன் மாதிரி தடக் தடக்கென்று சுற்றியது.

எனக்கும் பலமுறை சொல்லிக்கொடுத்தான். பொத்தானை அழுத்திக்கொண்டு கையை மெல்லப் பின்னால் தூக்கினால், திரையில் இருப்பவனும் மெல்லத் தூக்குகிறான். பாதியில் நிறுத்தினால் அவனும் நிறுத்துகிறான். இறக்கும்போது மணிக்கட்டு ஒரு நூல் திரும்பினாலும் பந்து வளைந்து வலதுபக்கக் காட்டுக்குள் போய்விடும். பந்தில் பட்டதும் கைக்குள் ஒரு சின்ன அதிர்வு, ரிமோட்டிலிருந்தே 'டொக்' என்று ஒரு சத்தம். பந்து தொலைவில், உன் கையிலிருந்தே போனது மாதிரி போகும். நிஜமாகவே அப்படித் தோன்றும். கடினமானது கடைசித் தட்டல்தான். குழிக்கருகில் பந்தை மெதுவாகத் தட்ட வேண்டும். ரொம்ப மெதுவாக அசைத்தால் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. இன்னும் கொஞ்சம் அசைத்தால் பந்து குழியைத் தாண்டி எங்கோ ஓடும். எலீஹியோ அந்த ஒரு தட்டலுக்காகச் சாயங்காலம் முழுக்க நிற்பான்.

"பாரு கொம்பாய், இவன் நான் செய்யறத அப்படியே செய்யறான். இந்த ஊர்ல என் பேச்சக் கேக்குற ஒரே ஆள் இவன்தான்."

கரண்ட் போகிற ஊர் எங்களுடையது. அடித்த பந்து வானத்தில் இருக்கும்போதே பட்டென்று எல்லாம் இருண்டுவிடும். "லைட் போச்சு!" என்று தெருவே கத்தும். இருட்டில் எலீஹியோ கையை ஓங்கினபடியே நிற்பான்.

"என்ன ஆச்சு கொம்பாய், பந்து எங்க விழுந்துச்சு?" என்று பக்கத்திலிருக்கும் என் வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்பேன்.

"இன்னும் மேலதான் இருக்கு. மின்சாரக்காரன் மனசு வெச்சாத்தான் எறங்கும்."

நெரெய்தா முதலில் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிற டிவி நாடகம் போய்விட்டதே என்ற வருத்தம் வேறு. ஒருநாள் ஆடுநாற்காலியில் சாய்ந்தபடியே இரண்டாவது ரிமோட்டை எடுத்தாள். வேலை முடிந்து வந்தபின் அந்தத் தோளைத் தூக்க அவளால் முடியாது. மடியில் கிடந்த கையைத் தூக்காமலேயே மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு வெட்டினாள். திரையில் இருந்த பெண் உடம்பையெல்லாம் முறுக்கி அழகாக ஓங்கி அடித்தாள். பந்து நேராகப் போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றது.

"இது கோல்ஃப் இல்ல. ஈ வெரட்டுறது," என்றான் எலீஹியோ.

"ஈ வெரட்டியே உன்னத் தோக்கடிச்சிட்டேன்ல?"

"எந்திரிச்சு நின்னு அடி கறுப்பி. காலை அகட்டி நில்லு, இடுப்பைத் திருப்பு. அதான் முறை."

"அந்தப் பொட்டிக்கு என் இடுப்பு தெரியுமா? அதுக்குக் கையி மட்டுந்தான் தெரியுது. நான் எதுக்கு எந்திரிக்கணும் கெழவா? காலைலேர்ந்து நின்னது போதாதா?"

அன்று அவள்தான் ஜெயித்தாள். மறுநாளும். அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் மூன்றாம் நாள் பஸ்ஸில் தூங்கவில்லை. வழியெல்லாம் என்னிடம் புலம்பினான். தான் உடம்பு முழுவதையும் போட்டு ஒழுங்காக ஆடுவதாகவும், பெட்டி அதை மதிப்பதில்லை என்றும், உட்கார்ந்திருப்பவளுக்குப் புள்ளி கொடுக்கிற விளையாட்டு என்ன விளையாட்டு என்றும். எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னிருக்கையில் நெரெய்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் இவ்வளவு பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

விருந்தாளிகள் குறைந்த மழைக்காலத்தில் ஓட்டலுக்குப் புது மேலாளர் வந்தார். வேலையாட்களுக்கு ஒருநாள் மைதானத்தைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். ஓட்டல் மட்டைகளையே தருவார்களாம், இஷ்டப்பட்டவர்கள் ஆடலாம். எலீஹியோதான் முதலில் பெயர் கொடுத்தான். அந்த நாளுக்காக நெரெய்தா அவனுடைய கல்யாணத்துக்குப் போகும் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவளும் வந்தாள். ஆட இல்லை, பார்க்க.

முதல் குழிக்கு முன்னால் அவன் கையில் மட்டையைக் கொடுத்தார்கள். வாங்கியதும் அவன் முகம் மாறியது. என்னைப் பார்த்தான்.

"கனமா இருக்கு கொம்பாய்."

"இரும்புன்னா கனக்காதா?"

"கைல இல்ல, நுனியில கனக்குது. இழுக்குது."

கால்களை அகட்டி நின்றான். வீட்டில் நிற்கிற அதே நிலை. மெல்லப் பின்னால் தூக்கினான். ரொம்ப அழகாகத் தூக்கினான் என்று சொல்லவேண்டும். இறக்கும்போது மட்டையின் நுனி அவனுக்கு முன்னால் ஓடியது. பந்துக்கு ஒரு சாண் பின்னால் தரையில் இறங்கி, புல்லோடு மண்ணும் பெயர்ந்து பறந்தது. பந்து அங்கேயே இருந்தது.

ஒருவரும் சிரிக்கும் முன்பே அவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். பெயர்ந்த புல்துண்டை எடுத்துவந்து, முழங்காலிட்டு, பள்ளத்தில் பதித்து உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தான். அப்போதுதான் சமையற்கட்டு ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"டேய் எலீஹியோ, இன்னிக்கு லீவுடா! நாளைக்கு வந்து ஒட்டிக்கோ!"

இரண்டாவது வீச்சு காற்றில் போயிற்று. மூன்றாவது பந்தின் தலையில் பட்டு அது தவளை மாதிரி குதித்துப் பக்கத்திலேயே நின்றது. அவன் பின்வாங்கவில்லை. அடித்துக்கொண்டே நடந்தான். அடியில் பாதி புல்லில்தான் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் குனிந்து புல்லைச் சரிசெய்தான். வெயில் ஏறியது, இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியது. நெரெய்தா குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

குழியைச் சுற்றின பச்சைக்கு வந்தபோது அவன் தயங்கி நின்றான். அவன் முந்தின நாள் காலையில் வெட்டின புல் அது. அதன்மேல் சட்டையும் பூட்ஸுமாக ஏற அவனுக்குக் கூச்சமாக இருந்ததாம், பின்னால் என்னிடம் சொன்னான். பந்தை மெல்லத் தட்டினான், வீட்டில் பழகின அளவுக்கு. அது அவன் வெட்டின வழுவழுப்பில் உருண்டு, குழியைத் தாண்டி, மறுபக்கச் சரிவில் இறங்கி மணலில் விழுந்தது.

அந்த மணலைத் தாண்டிப் போனபின்தான் ஒரே ஒரு நல்ல அடி அடித்தான். எப்படி அமைந்தது என்று அவனுக்கும் தெரியாது. அடுத்த குழிக்கான முதல் அடி. தூக்கினான், இறக்கினான், சத்தம் வேறு மாதிரி வந்தது. மரக்கிளை முறிவது மாதிரி, சுத்தமாக. நாங்கள் எல்லாரும் பந்தைப் பார்த்தோம், அது தென்னைகளுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைதட்டினோம். நெரெய்தாதான் முதலில் கவனித்தாள்.

"ஏன் நிமிர மாட்டேங்குற? எலீஹியோ? ஏய்!"

முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. விருந்தாளிகளின் வண்டியில் அவனை உட்காரவைத்துக் கொண்டுவந்தோம். என் பஸ்ஸின் பின்னிருக்கையில் நீட்டிப் படுத்தபடி ஊருக்கு வந்தான். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கன்னி மாதாவைக் கூப்பிட்டான். நான் கேட்டேன், எது நல்லாயிருந்தது, வீட்டிலிருப்பதா இதுவா என்று. கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னான்.

"வீட்ல அடிச்சா பந்து போறது தெரியும். இங்க அடிச்சா எனக்குள்ள என்னமோ போச்சு. பல்லு வரைக்கும் ஏறுச்சு கொம்பாய்." அடுத்த பள்ளம் தாண்டியதும், "ஆனா ஒண்ணு, வீட்ல நான் நல்லா ஆடுறேன்," என்றான்.

ஒரு அடியால் வந்த வலி இல்லை அது என்று டாக்டர் சொன்னார். இயந்திரத்தின் அதிர்வு எத்தனையோ காலமாக முதுகெலும்பைத் தேய்த்து வைத்திருந்தது. அன்றைக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான். இனி அந்த இயந்திரத்தைத் தொடக்கூடாது என்றார். வெகுநாள் படுக்கையில் கிடந்தான். பிறகு ஓட்டல்காரர்கள் அவனுக்குத் மைதானத்துத் தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடுகிற அறையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் களைப்புதான் என்கிறான். ஆனால் நின்று களைப்பதற்கும் உட்கார்ந்து களைப்பதற்கும் வித்தியாசம் உண்டாம்.

அவன் படுக்கையிலிருந்து ஆடுநாற்காலிக்கு மாறிய வாரம் நெரெய்தா பெட்டியைப் போட்டாள். ரிமோட்டை அவன் மடியில் வைத்தாள்.

"நான் ஆடல. நிக்க முடியாதவன் என்னத்த ஆடுறது?"

"நான் நிக்கிறேனா?"

"உனக்கு வெக்கமில்ல."

"ஆமா, இல்ல. மணிக்கட்டைத் திருப்பாம, கதவைத் தட்டுற மாதிரி ஒரு தட்டு. கையத் தூக்காத. சும்மா அடி கெழவா, எனக்குத் தூக்கம் வருது, சீக்கிரம் தோத்துட்டுப் போ."

அவன் தட்டினான். திரையில் இருந்தவன் அவனுக்காக எழுந்து நின்று, இடுப்பைத் திருப்பி, முழு வீச்சு வீசினான். எலீஹியோ அவனைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தான். பந்து காட்டுக்குள் போயிற்று. நெரெய்தா சிரித்தாள். இரண்டாவது தடவை கொஞ்சம் சரியாகப் போயிற்று.

இப்போதும் ஆடுகிறார்கள். ரிமோட்டின் ரப்பர் தேய்ந்து, மூடி கழன்று, ஒட்டுநாடா சுற்றியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் போயிருந்தேன். ஆட்டத்தின் நடுவே எலீஹியோவின் முறை வந்தது. அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தால், ரிமோட்டைப் பிடித்தபடியே வாயைத் திறந்து தூங்கிவிட்டிருந்தான். திரையில் இருந்தவன் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். நெரெய்தா எழுந்துபோய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிமோட்டை எடுத்தாள். அவன் முறையை அவளே அடித்தாள். நன்றாகவே அடித்தாள், தன் அடியைவிடக் கவனமாக.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேணாம் கொம்பாய். தூங்கட்டும். எந்திரிச்சா, அவனே அடிச்சதா நெனச்சுக்குவான்."