நெஞ்சுப் பட்டை ஒன்று போதும் என்றேன்

அண்ணன் இரண்டு வாங்கலாம் என்றான். நான் ஒன்று போதும் என்றேன். அவன் இன்று இல்லை, நான் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லப் போனால் என்மேல் எனக்கே பரிதாபம் வந்துவிடுகிறது. அதற்கு எனக்கு அருகதை இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் உட்கார்ந்து மிதிப்பதும் பலகை அடிப்பதும் அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை வாங்கித் திருப்பி அனுப்புவது நான். பதினேழு வருஷம் இப்படித்தான். அவன் தும்மினால் நான் நிற்க வேண்டும். எனக்கு முதுகு அரித்தால் அவன் நிற்க வேண்டும். போகப் போகப் பசி, தாகம், கொட்டாவி எல்லாமே எங்களுக்கு ஒன்றாக வர ஆரம்பித்தன. “ரெண்டு பேருக்கும் ஒரே வயிறா?” என்று அண்ணி கிண்டல் செய்வார்.

சைக்கிள் பைத்தியம் முதலில் பிடித்தது அண்ணனுக்கு. தொப்பையைக் குறைக்கிறேன் என்று ஆரம்பித்தான், என்னையும் இழுத்துக்கொண்டான். தறிக்கு உட்காருமுன் விடிகாலையில் வேலூர் ரோட்டில் தாமல் ஏரி வரைக்கும் போய்த் திரும்புவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை அருகே சென்னைக்காரர் ஒருவர் கியர் சைக்கிளைப் படுக்கப்போட்டு, பஞ்சரான டியூபைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒட்டிக் கொடுத்தான். அவர் மணிக்கட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கடிகாரம். சட்டைக்குள் நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. மாமல்லபுரம் போய்த் திரும்பும் நூறு கிலோமீட்டர் சவாரி ஒன்று இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்றார்.

“ஆனா சும்மா மிதிக்காதீங்க சார். ஹார்ட் ரேட் பாத்து மிதிங்க. எதைத் தாண்டக் கூடாதுன்னு இதுவே சொல்லிடும்.”

அண்ணனை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நூறு கிலோமீட்டர் போவது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். லீவில் வரும்போது அந்த மாதிரிக் கடிகாரம் வாங்கி வருகிறேன், எது வேண்டும் என்று பார்த்து எழுதுங்கள் என்று மெயில் போட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். படம் மெல்ல மெல்ல மேலிருந்து கீழாக இறங்கும் காலம் அது. கடைசியில் இரண்டு தாள் பிரிண்ட் எடுத்து வந்தேன். முதல் தாளில் இருந்தது சாதாரணக் கடிகாரம், பட்டையோடு வரும், துடிப்பை மட்டும் காட்டும். இரண்டாவதில் ஜிபிஎஸ் இருந்தது. போன வழியைக் கோடாக வரையும், வேகம் சொல்லும், தூரம் சொல்லும், துடிப்பும் சொல்லும். இதில் ஒன்று வாங்கும் விலைக்கு அதில் இரண்டு வாங்கலாம்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு தாளையும் பார்த்தான். இடது கையால் முதல் தாளைத் தட்டினான்.

“இது வாங்கினா ஆளுக்கு ஒண்ணு ஆவும்டா. வழிய எதுக்குக் காட்டணும்? தாமலுக்குப் போற வழி நமக்குத் தெரியாதா?”

“போண்ணா. நமக்கு எதுக்கு ரெண்டு? நீ மிதிச்சா நானும் மிதிக்கறேன், நீ நின்னா நானும் நிக்கறேன். எனக்கு எவ்ளோ அடிக்குதோ அதான உனக்கும்?”

“அதுவும் சரிதான்” என்று சிரித்தான்.

இதைத்தான் என்னால் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. கேட்கிறவர்கள் இப்படியும் ஒரு மடத்தனமா என்கிறார்கள். தனித்தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இந்த எண்ணமே வந்திருக்காது. ஒரு தறியில் இரண்டு பேராக உட்கார்ந்த எங்களுக்கு அது இயல்பாகத் தோன்றியது. ஆனால் நான் சொன்னதற்குக் காரணம் அது மட்டுமில்லை. அந்தக் கோட்டின்மேல் எனக்கு ஆசை. நான் போன வழியை வானத்திலிருந்து ஒன்று வரைந்து காட்டும் என்பதில் கிறங்கிப் போயிருந்தேன்.

கடிகாரம் வந்தது. வயசு கேட்டது, எடை கேட்டது. என்னுடையதைப் போட்டேன். அண்ணன் என்னைவிட ஒன்பது வயசு மூத்தவன். இந்த அளவைத் தாண்டாதே என்று அது போட்டுக் கொடுத்தது என் வயசுக்கான அளவு. அது எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். விடியலில் நெஞ்சில் பட்டால் சில்லென்று தூக்கிப் போடும். அண்ணன்தான் முதுகுப் பக்கம் முறுக்கில்லாமல் சரிசெய்து இறுக்கி விடுவான். பிறகு சாட்டிலைட் பிடிப்பதற்காக வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டம்மா கோலம் போட்டபடியே, “இன்னும் சாமி வரலையாப்பா?” என்று கேட்பார். ரோட்டில் இறங்கியதும் நான் எண்ணைச் சொல்லிக்கொண்டே வருவேன். அண்ணன் அதற்கேற்ப ஏற்றுவான், குறைப்பான். டீக்கடையில் யாராவது கேட்டால், “இன்னிக்கு நூத்தி முப்பது தாண்டல” என்று தன்னுடையதைப் போலவே சொல்வான்.

சில வாரம் கழித்து இடது தோளை அடிக்கடி நீவிவிட்டுக்கொண்டான். தறிக்காரனுக்குத் தோள் வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? அண்ணி தைலம் தேய்த்துவிட்டார். அந்த நாட்களில்தான் ஒரு காலை என் முதுகுப் பக்கம் நின்று பட்டையை இறுக்கியபடியே கேட்டான்.

“நாளைக்கு நான் கட்டிக்கினு பாக்கறேன்டா.”

“உன்னுதும் என்னுதும் கலந்து பூடும்ணா. மாசக் கணக்கு கெட்டுடும். இந்த மாசம் முடியட்டும்.”

சரி என்று விட்டுவிட்டான். எதையும் இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. எனக்கோ முதல் தடவை காதில் விழும் பழக்கம் கிடையாது.

மாசம் முடிய எட்டு நாள் இருந்தது. தாமலிலிருந்து திரும்பும்போது கீழ்க்காற்று முகத்தில் அடித்தது. அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

“எவ்ளோ காட்டுது?”

“நூத்தி நாப்பத்திரண்டு.”

“அப்ப இன்னும் இடம் இருக்குதுடா” என்று சொல்லி, எழுந்து நின்று மிதித்தான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னாலேயே விரட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச தூரத்தில் காலை ஊன்றி நின்றான். சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, “கொஞ்சம் இருடா” என்று வேரில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் பக்கவாட்டில் சரிந்தான். நான் ரோட்டின் நடுவே ஓடிப்போய் ஒரு பால் வண்டியை மறித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்திருந்தது. அடைப்பு பல மாசமாக இருந்திருக்கும், தோள் வலியும் அதனாலேயே இருக்கலாம் என்றார் டாக்டர். நாற்பத்து மூன்று வயசு. நான் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஈரப் பட்டை இன்னும் என் நெஞ்சில்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போன மத்தியானம், அண்ணி என்னிடம் வந்தார். தறி பாதிச் சேலையோடு நின்றிருந்தது. நான் அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

“தம்பி, அந்த வாச்சுல அன்னிக்கு அடிச்சதெல்லாம் இருக்குமாமே. எனக்கு ஒருவாட்டி காட்டுப்பா.”

எடுத்து வந்தேன். பித்தானை அமுக்கி அமுக்கி அந்தத் தேதிக்குக் கொண்டு வந்தேன். தூரம் வந்தது, நேரம் வந்தது. அதன் கீழே துடிப்பு, சராசரியும் அதிகபட்சமும். அதிகபட்சம் நூற்று எண்பத்து மூன்று. அண்ணி எழுத்துக்கூட்டுவது போல ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பிறகு அந்த எண்ணின் மேலே விரலை வைத்துத் தடவினார்.

“இதான் அவருக்கு வலி வந்த நேரமா?”

“இல்ல அண்ணி. அது நான் வண்டிய மறிக்க ஓடினது.”

“அப்ப அவருது எங்க இருக்குது?”

“அவருது இல்ல அண்ணி. எல்லாமே என்னுதுதான்.”

அவர் அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிகாரத்தை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“ஒரே ஒரு நாளு அவருக்கும் கட்டி வுட்டிருக்கலாமில்ல தம்பி. நம்ம வூட்டு மனுசர், வாய் தொறந்து கேக்க மாட்டாரு.”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் கேட்டான் என்பதை அண்ணியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.