கையிருப்பில் ஒரு டியூப்

எங்கள் பாதை முப்பத்தொரு கிலோமீட்டர். உக்குவளையில் தொடங்கி, தோட்டங்களுக்கு நடுவே பதினான்கு கிலோமீட்டர் தார் வீதியில் ஏற வேண்டும். உச்சியில் ஒரு தேநீர்க் கடை. அங்கிருந்து மறுபக்கமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிறவல் பாதை, சிவப்பு மண்ணும் சரளைக் கல்லுமாக இறங்கும். பிறகு மீண்டும் தார், ஐந்து கிலோமீட்டர், உக்குவளைச் சந்தி. இதுவரை அறுபத்து மூன்று தடவை சுற்றியிருக்கிறேன். நான் எழுதப்போவது நாற்பத்தெட்டாவது தடவையைப் பற்றி.

என்னோடு வருபவர் உக்குவளையில் புடவைக் கடை வைத்திருப்பவர். கடையை இப்போது மகன் பார்க்கிறார். ஊரே அவரை முதலாளி என்பதால் நானும் அப்படித்தான் அழைப்பேன். அவர் என்னை மரியாதையாகச் 'சேர்' என்பார். இலங்கையில் பெட்ரோல் கிடைக்காத அந்த வருடம் வரிசையில் நின்று அலுத்துப்போய், ஜப்பானிலிருந்து வரும் பழைய ரேசிங் சைக்கிள்கள் இரண்டை மாத்தளையில் ஒரே நாளில் வாங்கினோம். பெட்ரோல் வந்த பிறகும் நாங்கள் இறங்கவில்லை. எனக்கு வயது எழுபத்தொன்று, அவருக்கு அறுபத்து நான்கு. நான் ஐந்தடி பதினொரு அங்குலம், அவர் ஐந்தடி மூன்று.

இந்தச் சைக்கிள்களில் ஒரே ஒரு கரைச்சல், டியூப். வால்வு மெல்லியது. ஊர்க் கடைகளில் விற்கும் தடித்த வால்வு டியூப் எங்கள் ரிம்மின் துளைக்குள் நுழையாது. கொழும்பில் தேட வேண்டும், அல்லது கனடாவிலிருக்கும் என் மகள் கொண்டுவர வேண்டும். சித்திரையில் வந்தவள் நான்கு கொண்டுவந்தாள். இரண்டை முதலாளிக்குக் கொடுத்தேன். என்னுடையதில் ஒன்று ஆவணியில் போனது. மற்றது சீட்டுக்குக் கீழே தொங்கும் சிறிய பையில் இருந்தது.

நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் களஞ்சியக் காப்பாளராக இருந்தவன். பேனாவோ பல்போ, கடைசி ஒன்றை நான் எவருக்கும் கொடுத்ததில்லை. அலுமாரித் தட்டில் ஒன்று மிஞ்சியிருக்கும்போது யார் கேட்டாலும் "ஸ்டாக் இல்ல" என்பேன். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் என் களஞ்சியம் ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கமாக நாங்கள் வெள்ளியில் போவதில்லை, ஏனென்றால் முதலாளிக்கு ஜும்ஆத் தொழுகை. சவூதியிலிருந்து திரும்பிய இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு ஜும்ஆவும் தவறவிட்டதில்லை. கொரோனாவில் பள்ளிவாசல் மூடியிருந்த வெள்ளிகளை நாங்கள் இருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, வீதியில் லொறி இருக்காது என்று நான்தான் ஆசை காட்டினேன். "பதினொன்றரைக்கு உங்கள வீட்டு வாசல்ல விடுறேன்" என்று சொன்னதும் நான்தான்.

ஆறரைக்குப் புறப்பட்டோம். உச்சியில் தேநீர் குடித்து, ஒன்பதே காலுக்குக் கிறவலில் இறங்கினோம். முதல் கிலோமீட்டரிலேயே கல் குத்தி முதலாளியின் பின் சக்கரம் போனது, ஒட்ட முடியாத நீளக் கிழிசல். தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே டியூப்பை மாற்றினார். மூன்று புள்ளி ஆறாவது கிலோமீட்டரில் அதே சக்கரம் மறுபடியும். கழற்றிப் பார்த்தால் வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தது. ஒட்ட முடியாது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

பாதை ஓரத்தில் குந்தியிருந்தபடி அவர் நிமிர்ந்து பார்த்தார். "சேர், ஒங்கள்ட்ட டியூப் ஒண்டு ஈக்கா?"

"இல்லிங்க முதலாளி" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. கவுண்டருக்குப் பின்னால் நின்று சொல்வது போல வாயிலிருந்து விழுந்தது. சொன்ன பிறகுதான் யோசித்தேன். இன்னும் எட்டு புள்ளி நான்கு கிலோமீட்டர் கிறவல். என் டயரும் மெல்லியதுதான். எனக்குப் பஞ்சரானால் இந்த முழங்காலோடு நான் எப்படி நடப்பேன் என்று ஒரு பயம். அந்தப் பயம் வந்து பொய்க்குத் துணையாக நின்றுகொண்டது.

வேறு வழியும் இருக்கவில்லை. திரும்பி ஏறினாலும் விடுமுறை நாளில் உச்சியில் த்ரீவீல் கிடைக்காது. கிறவல் முடியும் இடத்தில் மழைக்கு மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் தாண்ட வேண்டும். த்ரீவீல் எதுவும் உள்ளே வராது. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரைப் போகச் சொன்னேன். அவர் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் காட்டினார். சீட்டை அடிவரை இறக்கியும் பெடல் எட்டவில்லை.

"நீங்களும் தென்ன மரம், ஒங்கட சைக்கிளும் தென்ன மரம். இதுல நான் தேங்கா பறிக்கத்தான் ஏறணும்" என்று சிரித்தார். "நீங்க போங்க சேர். வெயில் ஏற முந்தி எறங்குங்க. நான் மெல்ல வாரன்."

"நீங்க நடந்தா நானும் நடக்குறேன்."

"அட, ஒங்கட முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"பரவால்லிங்க."

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நூறு அடி போவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். 'அட, பையின் மூலையில் ஒன்று கிடக்கிறதே' என்றிருந்தால் அவர் நம்பியிருப்பார். ஐந்நூறு அடி வரை எண்ணினேன். ஆயிரத்து நூறு வரை எண்ணினேன். அதன் பிறகு சொன்னால் ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே நடந்தார், ஆனால் என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பதினொன்றரைக்குப் பேச்சு நின்றது. பன்னிரண்டு மணிக்கு, எங்கோ கீழே ஊரிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு லேசாகக் கேட்டது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு வேகமாக நடந்தார். நான் பின்தங்கினேன். திரும்பி வந்து என் சைக்கிளையும் தானே வாங்கிக்கொண்டார். ஒரு கையில் அவருடையது, மறு கையில் என்னுடையது.

மண் சரிவில் முதலில் என் சைக்கிளைத்தான் தோளில் வைத்துத் தாண்டினார். சீட்டுக்குக் கீழிருந்த பை அவர் காதில் உரசிக்கொண்டே போனது.

தார் வீதியில் ஒரு த்ரீவீல் கிடைத்துப் பள்ளிக்குப் போனபோது மணி பன்னிரண்டு ஐம்பது. தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வியர்வையும் செம்மண்ணுமாக அவர் வாசலில் இறங்கி நின்றார்.

"எங்க முதலாளி, ஒங்கள காணல்ல?" என்று ஒருவர் கேட்டார்.

"பஞ்சர். ரெண்டு தரம். நடந்து வந்த. ஆனா இவர பாருங்க, இவர்ட சைக்கிளுக்கு ஒண்டும் இல்ல. எழுவத்தொரு வயசு. என்ன உட்டுட்டு போகாம எட்டு கிலோமீட்டர் என்னோடயே நடந்தாரு."

அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னும் மூன்று பேர் பிடித்தார்கள். நான் கையைக் கொடுத்தேன்.

அன்றிரவு என் குறிப்புப் புத்தகத்தில் வழக்கம் போல எல்லாம் எழுதினேன்: தூரம், நேரம், பஞ்சர் இரண்டு. கடைசிக் கட்டம் உதிரி டியூப் கையிருப்பு. அதில் ஒன்று என்று எழுத வேண்டும். பேனாவை மூடி வைத்தேன்.

முதலாளி அந்தக் கதையைக் கடையில் சொன்னார், சந்தியில் சொன்னார், டியூப் ஒன்று தேடிப் போட்டு அடுத்த சுற்றுப் போனபோது உச்சியிலிருக்கும் தேநீர்க் கடையிலும் சொன்னார். கடைக்கார அம்மா எனக்கு ஒரு வடையை அதிகமாக வைத்தார். நான்கு தடவை முதலாளியிடம் உண்மையைச் சொல்லப் போய், நான்கு தடவையும் காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். பத்தொன்பதாவது நாள், புடவைக் கடைக்குப் போய் டியூப்பை அவர் மேசையில் வைத்தேன்.

"இது என்ன சேர்? கனடாவுல இருந்து புதுசா வந்ததா?"

"இல்லிங்க. பழசு. அன்னைக்கு நீங்க கேட்டப்பவே இருந்திச்சு. பேக்குக்குள்ள."

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சிறிய பொட்டலம், சவர்க்காரக் கட்டி அளவு.

"எட்டு கிலோமீட்டரும்?"

"எட்டு புள்ளி நாலு" என்றேன். அந்த நேரத்திலும் திருத்தினேன். இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

"மண் சரிஞ்ச எடத்துல நான் தூக்கின நேரமும்?"

"ஆமாங்க."

"ஏன் சேர்?"

என்னிடம் பதில் இருந்தது. களஞ்சியம், கடைசி ஒன்று, முழங்கால், எல்லாம் வரிசையாக இருந்தன. "பயந்திட்டேன்" என்றேன்.

அவர் டியூப்பை என் பக்கம் தள்ளினார். "வெச்சுக்கோங்க. தேவப்படும்." பிறகு வந்திருந்த ஒரு பெண்ணுக்குச் சீத்தைத் துணி அளந்து கொடுக்க எழுந்துபோனார். மகன் அளப்பதற்காக அங்கேதான் நின்றிருந்தார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குச் சந்தியில் நின்றார். அவருடைய சீட்டுக்குக் கீழே இரண்டு புது டியூப்கள் ரப்பர் பட்டியால் கட்டப்பட்டிருந்தன. கொழும்பிலிருந்து எடுப்பித்திருக்கிறார். "போவமா சேர்?" என்றார்.

தேநீர்க் கடையில் அன்று அந்த அம்மாவின் கணவரும் இருந்தார். "முதலாளி, சேர் உங்க கூட நடந்து வந்தாருல்ல, அந்தக் கதைய எங்க வீட்டுக்காரருக்கு ஒருக்கா சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு" என்றார் அம்மா.

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் பழைய கத" என்றார் முதலாளி. "இன்னொரு பிளேன்டீ தாங்க."

கிறவலில் அவர்தான் எப்போதும் முன்னால் இறங்குவார். பதினொரு வளைவு. ஒவ்வொன்றிலும் நான் போய்ச் சேரும்வரை நின்று, கேலியாக ஏதாவது சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அன்றும் பதினொன்றிலும் நின்றார். மேலே நான் தலைகாட்டும்வரை திரும்பிப் பார்த்தபடி நின்றார். ஆனால் அன்று, நான் விழாமல் வருகிறேன் என்று தெரிந்ததும், நான் கிட்ட வருவதற்கு முன் புறப்பட்டுவிட்டார்.