கூடையை இறக்காத வரலட்சுமி

பிள்ளைச்சாவடி வரலட்சுமிக்கு வாய்தான் மூலதனம். கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டு டெம்போவில் ஏறினால், பாண்டி மார்க்கெட்டே அவள் குரலில்தான் கண் விழிக்கும். அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்தது. முதலில் தும்மல், பிறகு மூக்கடைப்பு, கடைசியில் இழுப்பு. சங்கரா மீனின் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

“மீன் வாடைதான்” என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கரையில் கிழிந்த வலைகளைப் பொத்தித் தைக்கும் அவள் புருஷன் கோவிந்தராசுவும் அந்தக் கட்சிதான்.

“கூடைய எறக்கி வெச்சிட்டு ஊட்டுல குந்து. நான் சம்பாரிக்கிறது பத்தாதா?”

பத்தாதுதான். ஆனால் அவளைச் சுட்டது அதுவல்ல. மார்க்கெட் இல்லாத வரலட்சுமியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயமாக இருந்தது.

ஒவ்வாமைக்கு ஊசி போட்டே சரிசெய்கிறார்கள் என்று யாரோ சொல்ல, புருஷனை இழுத்துக்கொண்டு டவுனில் டாக்டர் நிர்மலாதேவியிடம் போனாள். டாக்டர் முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து லேசாகக் குத்தினார். எதுவும் தடிக்கவில்லை. சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, யார் கையிலும் தடிக்க வேண்டிய சொட்டு ஒன்று உண்டு. அதுவும் சும்மா கிடந்தது.

“மாத்திரை ஏதாவது போட்டீங்களாம்மா? டோக்கன் போடும்போதே கூடாதுன்னு சொல்லியிருந்தோமே?”

“தும்மலுக்கு ஒண்ணே ஒண்ணு போட்டேன். ஒங்க மூஞ்சி மேல தும்முனா நல்லாவா இருக்கும்?”

டாக்டர் சிரித்துவிட்டார். மாத்திரையை நிறுத்தி, ஒரு வாரம் தெருவே அதிரத் தும்மிவிட்டு, புருஷனோடு மறுபடி போனாள். மீனுக்கு வைத்த இடம் சுத்தமாக இருந்தது. தூசிக்கு வைத்த இடம் கொசு கடித்தாற்போல் வீங்கியது.

“மீன் இல்லம்மா. தூசியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கு. பழைய துணி, மெத்தையிலதான் சேரும். எதுல படுக்குறீங்க?”

வரலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கூடை தூக்கித் தூக்கி முதுகு வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, கிழிந்த வலையை மடித்து, பழம்புடவைகளைத் திணித்து, மெத்தென்று படுக்கை தைத்துத் தந்தவன் அவன்தான். பாவம், ஆசையாகச் செய்தது.

“அப்போ ஊசி?” என்றாள்.

“இருக்கு. மொதல்ல வாராவாரம், அப்புறம் மாசாமாசம், மூணு வருஷமாவது வரணும். போட்டதும் அரைமணி நேரம் இங்கயே இருக்கணும். சிலருக்கு ஒத்துக்காமப் போகும். இழுப்பு அடங்காம ஆரம்பிக்க மாட்டேன். படுக்கைய மாத்துங்க, இந்த மருந்த உறிஞ்சுங்க. அப்புறம் யோசிப்போம்.”

“ஊசி போட்டாத்தான் மீன் விக்கலாமா?”

“போடலன்னாலும் விக்கலாம். மீன் உங்கள ஒண்ணும் பண்ணல.”

அதைக் கேட்கத்தான் அவள் இத்தனை தூரம் வந்தாள். கண் கலங்கியது, முந்தானையால் மூக்கைத் துடைத்துச் சமாளித்தாள்.

அன்றே கோவிந்தராசு படுக்கையைக் கரைக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினான். கோரைப்பாய் வந்தது. சில மாதங்களில் இழுப்பு அடங்கியது. தும்மல் எப்போதாவது எட்டிப் பார்த்தது.

“இப்ப ஊசி ஆரம்பிக்கலாம். என்ன சொல்றீங்க?” என்றார் டாக்டர்.

“தும்மல் எனக்குப் பழகிப்போச்சு டாக்டரம்மா. இழுப்புக்குத்தான் பயந்தேன், அது போயிடுச்சு. திரும்பி வந்தா நானே கைய நீட்டுறேன்.”

“சரிதான். உறிஞ்சுற மருந்த மட்டும் நான் சொல்லாம நிறுத்தாதீங்க.”

பாய்க்கு மாறியதிலிருந்து முதுகுவலி மட்டும் கூடியிருந்தது. மறுநாள் விடியலில் கரையில் ஏலம் முடிந்து அவள் குனிவதற்குள் கோவிந்தராசு கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

“எறக்கி வைக்கச் சொன்ன ஆளு தூக்கிக்கினு போவுது!” என்றாள்.

“டெம்போ போயிடும், வா” என்று முன்னால் நடந்தான்.