எல்லாம் அணைத்த பிறகும் சுற்றிய மீட்டர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொரட்டூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். நான், கணவர், ஆறு வயது மகள். கணவருக்கு ஆவடியில் ஷிப்ட் வேலை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மாடியில் ஒரு பள்ளி ஆசிரியையும் அவர் கணவரும் இருந்தார்கள். ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போது என் மகளிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார் அந்த டீச்சர்.

அந்தக் கோடையில் ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிய யூனிட், வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு. வெயில் காலம், ஃபேன் ஓடியிருக்கும் என்று நினைத்துக் கட்டிவிட்டோம். அதன் பிறகு வீட்டில் கெடுபிடி ஆரம்பித்தது. இஸ்திரிப் பெட்டி வாரத்துக்கு ஒரு நாள்தான். பகலில் ஃபிரிட்ஜை அணைத்து வைத்ததில் பால் திரிந்தது. நான் ஓர் அறையை விட்டு வெளியே வந்தால், பின்னாலேயே போய் ஃபேனை நிறுத்துவார் கணவர். மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. இவ்வளவு செய்தும் அடுத்த ரீடிங் இன்னும் கூடுதலாக வந்தது.

"மாடியிலதான் நம்ம லைன்ல கை வெச்சிருக்காங்க" என்றார் கணவர். "டீச்சர் ஊட்ல கரண்ட் அடுப்பு இருக்கு. நானே பாத்தேன். நீ போய்க் கேளு."

எனக்கு நயமாகக் கேட்கத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் பள்ளி விட்டு வந்து மாடிப்படி ஏறும்போதே நிறுத்தி, "எங்க கரண்ட்ல நீங்க சமைக்கிறீங்களாமே" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையில் இருந்த சாப்பாட்டுப் பையைப் படியில் வைத்தார்.

"நான் போய் எங்க மெயினை அணைச்சிட்டு வரேன்" என்றார். "நீங்க உங்க வீட்ல எல்லா சுவிட்சையும் அணைங்க. ஒண்ணு விடாம. அப்புறம் மீட்டரைப் பார்ப்போம். அது நின்னா நான் திருடி."

விளக்கு, ஃபேன், டிவி எல்லாவற்றையும் அணைத்தேன். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். படிக்கட்டுக்கு அடியில் இருந்த எங்கள் மீட்டர் முன்னால் இருவரும் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் அந்த அலுமினியத் தகடு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் இருந்த சிவப்புக் கோடு போய்ப் போய்த் திரும்ப வந்தது.

"எங்க வீட்லயும் கரண்ட் இல்ல, உங்க வீட்லயும் ஒரு பல்புகூட எரியல" என்றார் டீச்சர். கோபம் போய் அவர் குரலில் பயம் வந்திருந்தது. "எங்கேயோ நிலக்கரியை எரிச்சு அனுப்பற கரண்ட். அது இங்க எதுக்குள்ள போகுது?"

அப்போது உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. "அம்மா, குழாய் இன்னிக்கும் கடிக்குது!"

இரண்டு வாரமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ரப்பர் செருப்போடு குளியலறைக்குப் போகும் எங்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. குளிக்கச் சோம்பல்பட்டுச் சொல்கிறாள் என்று முதுகில் ஓர் அடிகூட வைத்திருந்தேன். ஓடினேன். குளியலறையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, ஒரு விரலால் குழாயைத் தொட்டுப் பார்ப்பதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தாள். அவளை இழுக்க நான் கை நீட்டிய நேரம், பின்னால் டீச்சர் கத்தினார். "தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" எங்கள் மெயின் சுவிட்சின் கைப்பிடியை அவர் தடாலென்று இறக்கும் சத்தம் கேட்டது.

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். மீட்டர் நின்றிருந்தது.

சாயங்காலம் வந்த எலக்ட்ரீஷியன் குளியலறைச் சுவரை உளியால் உடைத்தார். உள்ளே ஒரு பழைய ஒயர். அதன் உறை இற்றுப்போய், செம்பு தண்ணீர்க் குழாயின் இரும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"முன்னாடி இருந்தவன் கீசரைக் கயட்டிகினு போய்ட்டாம்மா. ஒயரை அப்டியே உட்டு மேல சிமென்ட்டைப் பூசிட்டான்" என்றார். "கரண்டு பைப்பு வயியா பூமிக்குள்ள போய்கினே கீது. இன்னும் கொஞ்சம் ஈரமாயிருந்தா கொயந்தய புட்சிருக்கும்."

ஷிப்ட் முடிந்து வந்த கணவர் அதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் தினமும் காலையில் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். இஸ்திரி போட்ட நாளில் எவ்வளவு ஏறுகிறது, தண்ணீர் மோட்டார் எவ்வளவு தின்கிறது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டது. ஃபேனைத் தாராளமாகவே ஓட விட்டோம். ஆனாலும் ரீடிங் பழையபடி இறங்கியது.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க மாடிக்குப் போனேன். "பொண்ணு நல்லாயிருக்கா இல்ல, அது போதும்" என்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. என் மகளிடம் மட்டும் முன்போலவே பேசினார். அடுத்த வருடம் வேலப்பன்சாவடிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றிய அன்று நான் ஆபீசில் இருந்தேன். அவர்களுடைய பீரோவை மாடியிலிருந்து இறக்கத் தான் ஒரு பக்கம் பிடித்ததாகக் கணவர் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். டீச்சரிடம் ஏதாவது பேசினாரா என்று நான் கேட்கவில்லை.