மடை திறந்த ஏரியில் நாரை பார்த்த கதை

பர்மா அரிசி வராமல் போன மறு வருஷம், மார்கழிக் கடைசியில், அரியலூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கு நாரை பார்க்கப் போனேன். ஊரே சோற்றுக்கு அல்லாடுகிறது, உனக்கு நாரை கேட்கிறதா என்று வீட்டில் திட்டினார்கள். நியாயமான திட்டுதான்.

திருச்சியிலிருந்து காலை ரயில். அரியலூரில் இறங்கி மாட்டு வண்டியில் பத்து மைல். வண்டி ஓட்டிய சடையன்தான் அந்த ஏரிக்கு மடை திறப்பவரும். தண்ணீருக்குள் முங்கி மடைக் கட்டையைப் பிடுங்க ஊரில் அவருக்குத்தான் மூச்சு உண்டு.

ஏரிக்குள் கோரையும் சம்பும் மண்டிக் கிடந்தன. நடுவே தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்கள், கிளைக்குக் கிளை கூடு. கடைசிக் குஞ்சு பறக்கும்வரை மடையைத் திறப்பதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. கல்யாண மேளம்கூடக் கரைப் பக்கம் வராது. எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு எரு. காரியத்தில் கண்ணான அன்புதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. மடையைத் திறக்கச் சொல்லி ஊர் கூடி முடிவு செய்துவிட்டது.

"ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?" என்றேன்.

"ஒரு வாரத்துல பதர்தான் சார் மிஞ்சும். எம் புள்ளைங்க பதரையா திங்கும்?" என்றார் சடையன்.

அவர் முங்கினார்.

மறுநாள் காலை மரங்களின் அடியில் வெறும் சேறு. நரிகள் வந்து, தவறி விழுந்த குஞ்சுகளை இழுத்துக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்களுக்கு மனம் தாங்கவில்லை. தகரமும் தாம்பாளமுமாக ஓடி வந்து தட்டினார்கள். நரிகள் ஓடின. அப்படியொரு சத்தத்தையே கேட்டறியாத நாரைகளும் ஒன்றுவிடாமல் கிளம்பிவிட்டன.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்கடா!" என்று சடையன் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை.

சாயங்காலம்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. கூட்டிலிருந்த குஞ்சுகளைக் காக்கைகள் கொத்தித் தீர்த்தன. நான் அழுதுவிட்டேன்.

"நெல்லு பொழைச்சிடும் சார்," என்றார் சடையன், என் முகத்தைப் பார்க்காமல்.

போக நினைப்பவர்கள் ஸ்டேஷன் வாசலிலேயே வண்டி பேசிக்கொள்ளுங்கள். அரிசியைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே யாரையும் சோறு கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். ஆனால் இப்போதைக்குப் போகாமலிருப்பதே நல்லது. இந்த வருஷம் நல்ல மழை என்று கேள்விப்பட்டு நானும் போனேன். ஏரி தளும்பியது. கூடு ஒன்றுகூட இல்லை. கரைக்கு அரை மைல் இருக்கும்போதே சடையன் வண்டியை நிறுத்தி, மாடுகளின் கழுத்து மணியை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டார்.