பாறை மேல் ஒரு போன், தண்ணீர்த் தாங்கி மேல் ஒரு போன்

போன வருஷம் ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில்தான் என் அம்மா வீடு. பதுளை ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்த அம்மா அங்கேயே கண்ணை மூடிவிட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். மறுநாள் பின்னேரம் எடுப்பது என்று முடிவாயிற்று.

என் அண்ணன் வளைகுடா நாடொன்றில் வேலை செய்கிறார். ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. லீவு கிடைத்தும் நேரத்துக்கு வந்துசேர விமானம் கிடைக்கவில்லை. மண் சரிந்து பாதை அடைபட்டால் மயானத்துக்கே போக முடியாது என்று எல்லோரும் பயந்ததால், நாளைத் தள்ளிப்போடவும் வழியில்லை. படம் எடுத்து அனுப்புகிறோம் என்றேன். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"படம் வேணாம் தங்கச்சி. அம்மாவுக்கு வாய்க்கரிசி போடுறப்ப நான் கூட இருக்கணும். எப்படியாச்சும் செய்ங்க."

சொல்வது சுலபம். எங்கள் லயத்தில் எந்த போனுக்கும் சிக்னல் கிடையாது. பேசவேண்டுமென்றால் மேலே தேயிலைக்கு நடுவில் இருக்கும் பாறையில் ஏறவேண்டும். அங்கேயும் ஒரே ஒரு கம்பெனியின் சிம்முக்குத்தான் கிடைக்கும். எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பதால், வாய்க்கரிசியை வாசலிலேயே போட்டுப் பெட்டியை மூடிவிடுவார்கள். வாசல் கீழே, சிக்னல் மேலே.

இந்த இடத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் என் கணவர். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறார், ஆண்ட்ராய்ட் கட்சி. இன்னொருவன் என் சித்தி மகன், எனக்குத் தம்பி. எல்ல என்ற ஊரில் ஹோட்டலில் வேலை, ஐபோன் கட்சி. சித்தி வீட்டுவேலைக்கு வெளிநாடு போனபோது அவன் கைப்பிள்ளை. அன்றிலிருந்து அவனை வளர்த்தது என் அம்மாதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வேலைக்குப் போகாமல் அங்கேயே பழியாகக் கிடந்தவன் அவன்.

தீபாவளி, பொங்கல் என்று எதற்குக் கூடினாலும் இந்த இரண்டு பேருக்கும் யார் போன் உசத்தி என்ற சண்டைதான். "உன் போன் சீமான் வீட்டுப் புள்ள மாப்ள, நம்ம ஆளுங்களோட சேராது" என்பார் இவர். "உங்க போன் சூடேறுனா அதுலயே ரொட்டி சுடலாம் மச்சான்" என்பான் அவன். இரண்டையும் தூக்கி அடுப்பில் போட்டால்தான் எனக்கு நிம்மதி என்று நான் திட்டியதற்குக் கணக்கே இல்லை.

அன்று காலையில் அதே இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சாவு வீட்டிலுமா இந்தக் கூத்து என்று கேட்கப் போனேன். போன பிறகுதான் விஷயம் புரிந்தது.

பாறையில் சிக்னல் பிடிக்கும் சிம் தம்பியின் ஐபோனில் இருந்தது. அதிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டால் லயம் வரை எட்டாது. இவருடைய ஆண்ட்ராய்டில் சிம் இருந்தும் அந்தத் தோட்டத்தில் பிரயோஜனமில்லை. ஆனால் வேறொரு போன் கொடுக்கும் வைஃபையை வாங்கி, தானும் வைஃபையாகக் கொடுக்க அதனால் முடியும். பாறைக்கும் வீட்டுக்கும் நடுவில் தண்ணீர்த் தாங்கி ஒன்று இருக்கிறது. ஐபோன் பாறையில் நிற்கவேண்டும், ஆண்ட்ராய்ட் தாங்கி மேல் இருக்கவேண்டும், வாசலில் என் போனிலிருந்து அண்ணனைக் கூப்பிடவேண்டும். அதுதான் இவர்கள் திட்டம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பாறை மேல் இருந்த போனைத் தாங்கி மேல் இருந்த போனுக்குத் தெரியவே இல்லை. "நான்தான் சொன்னேனே, உன் போன் யாரையும் மதிக்காதுன்னு" என்று இவர் கீழேயிருந்து கத்தினார். வேறு நாளாக இருந்தால் அவன் சும்மா விட்டிருக்கமாட்டான். அன்று குனிந்து போனை நோண்டினான். மற்ற போன்களோடு ஒத்துப்போக அதில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். அதைப் போட்டதும் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு சங்கடம். அந்தப் பக்கத்தைத் திறந்தபடி, திரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் சிக்னல் போய்விடுகிறது. அதனால் அவனே பாறையில் நிற்பது என்றான். இவர் தாங்கி மேலிருந்த போனைப் பொலித்தீன் பையில் சுற்றிவைத்தார்.

பின்னேரம் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் கூப்பிட்டேன். அண்ணன் முகம் தெரிந்தது. தப்பு மேளம் அடித்தவர்கள் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அண்ணன் அங்கே தன் அறையில் குளித்து, ஈரத் துண்டோடு நின்றார். கையில் ஒரு பிடி அரிசி. "அம்மா, நான் வந்திட்டேம்மா" என்றார். அதைக் கேட்டு அழாத ஆளில்லை. அவர் அங்கே கையைத் திறக்க, அவருக்காக நான் இங்கே அம்மாவின் வாயில் அரிசியைப் போட்டேன். பெட்டியை மூடி, தூக்கி, படி இறங்கும்வரை கட்டாகாமல் அண்ணன் கூடவே இருந்தார்.

ஆண்கள் எல்லோரும் மயானத்துக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் என் கணவர் சொன்னார். வாய்க்கரிசி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் பாறைக்கு ஓடியிருக்கிறார். "நான் நிக்கிறேன் மாப்ள, நீ போய் முகத்தப் பாத்து அரிசி போட்டுட்டு வா" என்று கையை நீட்டியிருக்கிறார். தம்பி போனைக் கொடுக்கவில்லை.

"இப்ப கை மாத்துனா கட்டாயிரும் மச்சான். அண்ணன் பாத்து மூணு வருசமாச்சு. நான் கடைசி வரைக்கும் பெரியம்மாவுக்கு கஞ்சி ஊட்டுனவன். அவரு பாக்கட்டும். நீங்க போங்க, மருமகன் அங்க நிக்கணும்."

பெட்டி மூடியதும் தப்புச் சத்தம் மறுபடி எழும்பியிருக்கிறது. அதைக் கேட்ட பிறகும், ஊர்வலம் படி இறங்கி வளைவில் திரும்பும்வரை அசையாமல் நின்றிருக்கிறான். பிறகு குறுக்குப் பாதையில் ஓடிப்போய் மூடிய பெட்டிக்குத்தான் தோள் கொடுத்திருக்கிறான். பெட்டி மூடும் முன் கடைசியாக அம்மாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

அன்று பைக்குள் தண்ணீர் புகுந்து நனைந்ததில் இவருடைய ஆண்ட்ராய்ட் கொஞ்ச நாளில் செத்துப்போயிற்று. அடுத்ததும் ஆண்ட்ராய்ட்தான் வாங்கினார். பொங்கலுக்குத் தம்பி வந்தபோது பழைய சண்டை பழையபடி தொடங்கியது. இப்போது நான் திட்டுவதில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். இத்தனை வம்பளக்கும் இந்த இரண்டு பேருக்குள் இவ்வளவு பெரிய மனசு இருந்ததை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அம்மா பெற்றது அண்ணனையும் என்னையும் மட்டும்தான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் யோசிக்காமல் மூன்று என்றுதான் சொல்கிறேன்.