கலியன் முடிச்சு

"நான் போட்ட முடிச்ச அவுக்கணும்னா எமனே வந்தாலும் கத்திரிக்கோலோடதான் வரணும்!"

எழுபத்திரண்டாம் வருஷம், பிள்ளையார்பாளையத்தில், பட்டப்பகலில், தெருவே கேட்கும்படி இதைச் சொன்னவர் பட்டுத் தறிக்காரர் கலியன். வெறும் பேச்சு என்று யாரும் சிரிக்கவில்லை. அவருடைய முடிச்சுகளால் தெரு பட்டிருந்த பாடு அப்படி. தறியில் அறுந்த இழையை அவர் முடிந்தால் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தட்டாது. ஆனால் அந்தத் திறமையை அவர் தறியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பொதுக்கிணற்று வாளிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். வாளி ஓட்டையானபோது கயிற்றையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு வேணுகோபாலின் பசு ஒருநாள் அவிழ்த்துக்கொண்டு ஓடியபோது பிடித்துக் கட்டி உதவினார். அன்று சாயங்காலம் பசு முளைக்குச்சியையும் இழுத்துக்கொண்டுதான் கொட்டகைக்குப் போயிற்று. கல்யாண வீடுகளில் அவர் தலை தெரிந்தால் பந்தல்காரர் கயிற்றுச் சுருளின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். உதவி செய்தே இவ்வளவு விரோதத்தைச் சம்பாதித்த மனிதர் காஞ்சிபுரத்தில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

எமனையும் கத்திரிக்கோலையும் அவர் துணைக்கு அழைத்தது மீன்காரி கங்கையம்மாளோடு நடந்த போரில். கங்கையம்மாள் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து கூடையோடு பஸ் ஏறி வருகிறவள். அன்று கலியன் தறிக்குழியை விட்டு எழுந்து வந்து, கூடையிலிருந்த பெரிய மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். தன் வீட்டுப் பெண்ணின் முக்காட்டை விலக்கியதுபோல் கங்கையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் செடியா இருந்தப்ப புடிச்ச வஞ்சிரமா இது?"

"வஞ்சிரமா? யோவ், இது பாறை. மீன் பேரு தெரியாதவனெல்லாம் மீனுக்கு ஜாதகம் பாக்க வந்துட்டான்."

"பேரு எதுவா இருந்தா இன்னா, நாத்தம் ஒண்ணுதானே?"

"அப்ப நீயே போய்ப் புடிச்சுக்க. குழியில காலத் தொங்கப் போட்டுக்கினு வாயாலயே தறி மிதிக்கிறியே!"

"புடிக்கிறேம்மா! இனிமே உன் கூடையிலேர்ந்து ஒரு நெத்திலி என் வாசப்படி ஏறாது. கடல்ல நானே புடிச்சாந்தாதான் என் வூட்ல மீன் கொழம்பு."

"கட்டுமரம் இருக்குதா?"

"லாரி டியூபு இருக்குது."

கங்கையம்மாள் தெரு முழுவதையும் சாட்சிக்கு இழுத்துச் சிரித்தாள். "டியூபுலேர்ந்து நழுவி உள்ள பூட்டியானா?"

"கட்டிக்கினு ஒக்காருவேன்" என்றார் கலியன். எமன் வந்தது அதற்கு அடுத்த மூச்சில்தான்.

சபதம் போட்டது அவர். சாம்பார் குடித்தது அவருடைய மனைவி ரேணுகாம்பாள். பிறந்த வீட்டில் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அறியாத ரேணுகாம்பாள், பக்கத்து வீட்டு வறுவல் வாசனை சுவர் ஏறி வரும்போதெல்லாம் சட்டியை இறக்கிவைக்கிற ஓசையில் தன் கருத்தைத் தெரிவித்தாள். "ஒண்ணு கடல் மீனக் கொண்டா. இல்லன்னா தட்ட எடுத்துக்கினு அந்தம்மா கூடைக்கு முன்னால போய் நில்லு. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு" என்றாள். இரண்டாவதை நினைத்தால் கலியனுக்கு உடம்பு கூசியது. தெரு அதற்காகத்தான் காத்திருந்தது. கூடைக்காரி வரும் நேரத்தில் வேலை இல்லாதவர்கள்கூட வாசலில் வேலை வைத்துக்கொண்டார்கள்.

டியூபுக்குச் சொந்தக்காரன் ரேணுகாம்பாளின் தம்பி வீரபத்திரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். லாரியின் பின்சக்கர டியூபு ஒன்றை அவன் ஒட்டுப்போட்டுக் கொடுக்க, கலியன் அதன் வட்டத்துக்குக் குறுக்கே நூல் கயிற்றால் ஓர் இருக்கை பின்னினார். இரண்டு கால்களும் கீழே தண்ணீரில் தொங்கும். உடம்பு வட்டத்துக்குள் நிமிர்ந்து உட்காரும். உட்கார்ந்து பார்த்தவர் முகத்தில் ஞானம் பிறந்தது.

"டேய் வீரா, இது தறிக்குழிடா! பாட்டன் காலத்துலேர்ந்து இதுலதானே ஒக்காந்துக்கினு இருக்கறோம். காலால மிதிச்சா போவுது!"

"தறி கவுராது மாமா" என்றான் வீரபத்திரன். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பயிற்சிக்குத் தென்னேரி ஏரி. வாரம் தவறாமல் சைக்கிளில் டியூபோடு போய், இடுப்பில் கயிற்றைச் சுற்றி, டியூபின் இரு பக்கமும் இழுத்துக் கட்டி, வயிற்றுக்கு நேரே தன் புகழ்பெற்ற முடிச்சைப் போட்டுக்கொள்வார். ஏரி அவருக்கு எல்லா உபசாரமும் செய்தது. அலை இல்லை; காற்று அடித்தால் கரைக்கே கொண்டுவந்து விட்டது; மண்புழு போட்டால் கெண்டை கடித்தது. கரையேறியபின் கயிற்றை அறுத்துத்தான் அவரை விடுவித்தார்கள் என்றாலும், அதை அவர் முடிச்சின் வெற்றியாகவே கணக்கில் வைத்தார். கெண்டையை ரேணுகாம்பாள் மோந்து பார்த்துவிட்டுப் பூனைக்குப் போட்டாள்.

"கடல் இன்னா பெரிய கடல்? உப்புப் போட்ட ஏரி" என்றார் கலியன்.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, கல்பாக்கத்துக்கு ஜல்லி ஏற்றிப் போன லாரியில் மாமனும் மச்சானும் டியூபோடு போய் இறங்கினார்கள். சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில் கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. மீன் எடுக்க வந்திருந்த கங்கையம்மாள் இவரைப் பார்த்தாள். இவர் பார்க்காததுபோல் நடந்தார். அவளுடைய புருஷன் முனிசாமி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தான்.

"இன்னாது இது?"

"மீன் புடிக்க."

"டப்பாவுல இன்னா?"

"மண்புழு."

முனிசாமி கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தான். பிறகு, தன் குலதெய்வத்தை யாரோ பெயர் மாற்றிக் கூப்பிட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நிலத்திலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. டியூபில் தன்னைக் கட்டிக்கொண்டு உள்ளே போவதற்கு அது மிகவும் ஒத்தாசையாக இருந்தது. அதே காற்று திரும்பி வருவதற்கும் ஒத்தாசை செய்யும் என்று தென்னேரி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. கரையில் நிற்கிற மச்சான் கையில் ஒரு நீளக் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் போனதும் கரையில் நின்றவர்கள் சிறுத்தார்கள். கலியன் தூண்டிலை மடியில் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்து மிதித்தார். அது வாழ்க்கையில் அவர் மிதித்த மிதிகளிலேயே துணி நெய்யாத மிதி. வெயில் ஏறிக் காற்று தணிந்தபிறகுதான், தொடை இரண்டும் மரத்துப்போய், அலை உடைகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

கரை தெரிந்த ஆனந்தத்தில் கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். அலை முதுகுப் பக்கம் வந்தது.

டியூபு குப்புறக் கவிழ்ந்தது. கலியன் தலை கீழே போயிற்று. கால் இரண்டும் மேலே வந்து, பழக்கதோஷத்தில் வானத்தை மிதித்தன. மாமா தண்ணீருக்குள் மீன் பார்க்கிறார் என்று நினைத்த வீரபத்திரன் கரையில் நின்று கையசைத்தான்.

தண்ணீர் மார்பளவுதான். காலை ஊன்றினால் நிற்கலாம். ஊன்ற வேண்டிய காலை மேலே கட்டிவைத்திருந்தது முடிச்சு. கலியனின் விரல்கள் அதைத் தேடிப் பிடித்தன. நகத்தால் கீறின. கெஞ்சின. பட்டிழையில் கண்ணுக்குத் தெரியாத முடிச்சைப் போட்டுப் பழகிய விரல்கள், பெருவிரல் தண்டியிருந்த கயிற்றில் நுனி எது என்று கண்டுபிடிக்க முடியாமல் தவித்தன. நனைந்த கயிறு இன்னும் இறுகியது. எமன் வந்தாலும் அவிழாது என்று போட்ட முடிச்சு அது; அவிழ்க்க வந்திருந்தவர் அவரேதான்.

முனிசாமி ஓடிவந்து டியூபை நிமிர்த்தினான். கலியன் ஒரு வாய்க் காற்றும் இரண்டு வாய் உப்புத்தண்ணீரும் விழுங்கினார். அடுத்த அலை இருவரையும் சேர்த்துப் புரட்டியது. "அவுருய்யா!" என்று கத்தினான் முனிசாமி.

"அவு... அவுராது!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் வந்த கங்கையம்மாள், மீன் அறுக்கிற கத்தியால் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள். கரையில் மணலைப் பார்த்துக் குப்புறக் கிடந்தவர் காதுக்கு அருகே குனிந்து, "எமன் வரலய்யா. நான்தான் வந்தேன். கத்திரிக்கோலும் கெடைக்கல" என்றாள்.

முனிசாமிக்கு அந்த நகைச்சுவை எல்லாம் இல்லை. "இந்தக் கரையில பொணம் ஒதுங்கினா போலீசு எங்க வூட்டுக் கதவத்தான் தட்டும். கட்டின முடிச்ச நீயே அவுத்துக் காட்டுற அன்னிக்கி வா. இல்லன்னா ஏரியிலேயே கெட" என்றான்.

மறுநாள் கங்கையம்மாள் தெருவுக்கு வந்தபோது கலியன் குழிக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு, நூல் கோத்த நாடா தறியில் ஓடுகிற சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "மீனு, மீனு!" என்று கூவிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் கூடைக் காதில், அறுந்த இரண்டு நுனிகளோடு, நடுவில் முடிச்சு கொஞ்சமும் நலுங்காமல், ஒரு நூல் கயிற்றுத் துண்டு தொங்கியது. இன்னாம்மா இது என்று கேட்டவர்களுக்கு, "வேண்டுதல்" என்றாள். தினமும் அது வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். தொங்குகிற கயிற்றை என்ன செய்வது?

"அது நம்ம கயிறுதானே?" என்றாள் ரேணுகாம்பாள்.

"இல்ல."

"செவப்பு இழை போட்டிருக்குதே?"

"ஊர்ல செவப்பு இழைக்கா பஞ்சம்?" என்று எரிந்து விழுந்தார்.

அந்த வாரம் கலியன் வேணுகோபாலின் பசுவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அது கட்டப்பட்டிருந்த கயிற்றை நெடுநேரம் ஆராய்ந்தார். ஊரில் ஒவ்வொரு மாடும் அந்த உருவு முடிச்சில்தான் நிற்கிறது. ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் கழன்றுவிடும். முடிச்சு என்ற பெயருக்கே அவமானம் என்று அவர் நாற்பது வயது வரை காறித் துப்பிய சங்கதி. நுனியை இழுத்துப் பார்த்தார். பசு மகிழ்ச்சியோடு கிளம்பிவிட்டது.

"யோவ்! கட்டினாலும் தொல்ல, அவுத்தாலும் தொல்லயா உன்னால?" என்று கத்திக்கொண்டே வேணுகோபால் பசுவின் பின்னால் ஓடினார். கலியன் கையில் இருந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பல மத்தியானங்களில் தறிச் சத்தம் நின்று நின்று கேட்டது. உள்ளே அவர் தன்னைக் குழியோடு கட்டிக்கொள்வதும் இழுப்பதுமாக இருந்தார்.

மறுபடி சதுரங்கப்பட்டினம் போனபோது கரையில் காற்று எந்தப் பக்கம் என்று மணலை அள்ளிவிட்டுப் பார்த்தார். காற்று திரும்புகிறவரை காத்திருந்தார். டியூபின் வாலில் நீளக் கயிறு கட்டி அதன் மறுநுனியை வீரபத்திரனிடம் கொடுத்தார். மண்புழு டப்பாவைக் காணோம். கங்கையம்மாளின் கூடைக்கு எதிரே நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். அவள் ஒரு கை இறாலை அதில் போட்டாள். "இது வாசப்படி ஏறாது" என்றார். "ஏறாதுதான்" என்றாள், கண்ணைச் சிமிட்டாமல்.

முனிசாமி டியூபையும் முடிச்சையும் பார்த்தான். "கரையில அவுக்கறது பெருசில்ல. அங்க அவுத்துக் காட்டு" என்று அலையைக் காட்டிவிட்டுத் தானும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றான். கங்கையம்மாள் கத்தியோடு கரையில் நின்றாள்.

கலியன் இந்தத் தடவை தூரம் போகவில்லை. மூன்று கிழங்கான் மீன் மாட்டின, ஒன்றும் பெரிதில்லை. திரும்பும்போது கரைக்கு முதுகைக் காட்டி, வருகிற ஒவ்வொரு அலையையும் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு மிதித்தார். இரண்டு அலை தூக்கிவிட்டுப் போயிற்று. மூன்றாவது, கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு வந்தது. டியூபு சாய்ந்தது.

கங்கையம்மாள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

தண்ணீருக்குள் கலியனின் கை வயிற்றுக்கு நேரே போயிற்று. நுனி இருந்த இடத்தில் இருந்தது. இழுத்தார். கயிறு மொத்தமும், மாட்டுக்கயிறு மாதிரி, கையோடு வந்துவிட்டது. டியூபு ஒரு பக்கம் போயிற்று; கலியன் எழுந்து நின்றார், மார்பளவுத் தண்ணீரில், ஒரு கையில் கிழங்கான் கோவையும் மறுகையில் அவிழ்ந்த கயிறுமாக. மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்தினார். யாரையும் பார்க்கவில்லை. கயிற்றை இடுப்புத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தார்.